மத்தியானப் பை

ஏப்ரல் 17

இந்த டைரியை இவர் வாங்கிக் கொடுத்ததே தண்ணீர்க் கணக்கு எழுதத்தான். வயிற்றுக்குள் எவ்வளவு விட்டோம், எவ்வளவு வெளியே வந்தது, எடை என்ன, பிரஷர் என்ன. அதையெல்லாம் எழுத ஆஸ்பத்திரியிலேயே ஒரு அட்டை கொடுத்துவிட்டார்கள். ஆகவே இதில் என் இஷ்டத்துக்கு எழுதப்போகிறேன். இவருக்கு என் கையெழுத்து புரியாது.

என் இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்வது ஒன்று. இன்னொன்று, வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பதித்து, அதன் வழியாக இரண்டு லிட்டர் சீனித் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வெளியே எடுப்பது. குடலைச் சுற்றியிருக்கும் சவ்வே வடிகட்டியாகிவிடும். ரத்தத்தில் இருக்கும் கழிவும் மிச்சத் தண்ணீரும் அந்தச் சவ்வைத் தாண்டிச் சீனித் தண்ணீர்ப் பக்கம் வந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு பை, வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இவர் மெஷின் கட்சி. பக்கத்தில் டாக்டர் இருப்பார் என்பது இவர் வாதம். நான் வயிற்றுக் கட்சி. வாரத்தில் மூன்று நாள் போய்ப் படுத்துக்கொண்டால் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது? இருபது வருஷத்துக்கு மேல் சவ்வூடு பரவல் நடத்துகிறேன். எனக்குத் தெரியாத சவ்வா?

குழாய் போட்டாகிவிட்டது. நான் ஜெயித்தேன்.

ஏப்ரல் 21

இன்று முதன்முதலாக யார் கையும் படாமல் நானே பை மாற்றினேன். கை கழுவினேன், மாஸ்க் போட்டேன், ஃபேனை நிறுத்தினேன், கதவைச் சாத்தினேன். காற்றில் மிதக்கிற ஒரு தூசி குழாய் நுனியில் உட்கார்ந்தால் போதுமாம், வயிறு முழுக்கச் சீழ் பிடித்துவிடுமாம். ஏப்ரல் மாதப் பாளையங்கோட்டையில் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்வதற்கே ஒரு மெடல் தரலாம்.

இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பத்தில் ஏறுகிற ஆளுக்கு வீட்டில் கை சும்மா இருக்குமா? பழைய கொசுவலைக் கம்பியை வளைத்துப் பை தொங்கவிட ஒரு ஸ்டாண்ட் செய்திருக்கிறார். அறைக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார். பார்க்க வந்த பாஸ்டரையே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டார். அவர் ஜெபம் பண்ணி முடிக்கும் வரை இவர் கண்ணை மூடவில்லை. பாஸ்டர் எதையாவது தொட்டுவிடுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் பை மாற்றும்போது இவர் கதவுக்கு வெளியே நின்று இருமுகிறார். எதற்கு என்று கேட்டால், தொண்டை சரியில்லையாம். தினமும் நான்கு வேளை மட்டும் சரியில்லாமல் போகிற தொண்டை.

ஏப்ரல் 28

பள்ளிக்கூடத்திலிருந்து ஹெச்.எம். வந்தார்கள். கையில் பெரிய கூடை. வாழைப்பழம், ஆரஞ்சு, நாலு இளநீர். எனக்கு ஆகாததெல்லாம் ஒரே கூடையில். எல்லாவற்றிலும் பொட்டாசியம். அவர்கள் முதுகு தெரிந்ததும் கூடை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பழம் போகட்டும். அவர்கள் கொண்டுவந்த செய்திதான் இன்னும் செரிக்கவில்லை. ப்ளஸ் ஒன்னுக்கு வேறு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் பார்த்திருக்கிறார்களாம். நான் ஜூனில் வந்து லைப்ரரியைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். "உக்காந்த வேலைதானே டீச்சர். யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்கள்.

யாரும் ஒன்றும் கேட்காத இடத்தில் எனக்கு என்ன வேலை? ஒரு பெண் எழுந்து "டீச்சர், புரியல" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தானே இந்தக் குழாயோடு அலையப்போகிறேன். அதை அவர்களிடம் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. லைப்ரரியில் கரையான் இருக்கிறது, அதற்குத் துணை எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

கடைசியில் இப்படி முடிந்தது. ஜூன் மாதம் நான் முழு நாளும் வகுப்பெடுக்கலாம். மத்தியானம் வீட்டுக்கு ஓடக்கூடாது. அந்தப் பையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக்கூடாது, பெற்றோர் பயப்படுவார்கள். ஒரு தடவை தடுமாறினாலும் லைப்ரரிதான்.

நான்கு பையில் ஒன்று மத்தியானப் பை. அதை எங்கே மாற்றுவது என்று இவர் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மே 9

சமையல் இவர் கைக்குப் போய்விட்டது. காய்கறியில் இருக்கிற பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதாதா என்று இவர் கேட்டார். ஒரு பீட்ரூட் துண்டை எடுத்து வரச் சொன்னேன். நன்றாகக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் போட்டோம். தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னொரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். நிமிஷத்தில் தண்ணீர் முழுக்கச் சிவப்பு.

செல்லுக்குச் சவ்வுதான் காவல்காரன் என்று விளக்கினேன். உயிரோடு இருக்கிறவரை உள்ளே இருப்பதை விடமாட்டான். தாவர செல்லுக்கு வெளியே ஒரு சுவரும் உண்டு, ஆனால் அந்தச் சுவர் எல்லோருக்கும் வழிவிடும், பிடித்து வைப்பது சவ்வுதான். சூடு பட்டால் சவ்வு கிழியும், சாயமும் போகும், பொட்டாசியமும் போகும். இவர் அரை மணி நேரம் அந்த இரண்டு கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எல்லாக் காயும் கொதிக்கிறது, வடிகிறது, பிறகுதான் தாளிக்கிறது. சாப்பிட்டால் காகிதம் மாதிரி இருக்கிறது. இவரும் அதையேதான் சாப்பிடுகிறார். தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இதுவே நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்கிறார்.

மே 23

வெளியே வந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்து எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்று ராசிபலன் பக்கம் மாட்டியது. எதிலும் நிதானம் தேவையாம். இதற்குத்தான் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

ஜூன் 6

பள்ளி திறந்தது. மஞ்சள் காட்டன் சேலை. குழாயை இடுப்பில் பெல்ட்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வகுப்புக்குள் போனதும் நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். அந்த பெஞ்சுச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! சாக்பீஸ் தூசி என்று சொல்லி இருமிக்கொண்டேன். இந்த வீட்டில் இருமல் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

முதல் பெஞ்சில் முத்துச்செல்வி என்று ஒருத்தி. எதையும் உடனே ஒப்புக்கொள்ளமாட்டாள். வைரஸுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று முதல் நாளே என்னை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டாள். வாழ்க.

மத்தியானப் பைக்கு என் வழி இதுதான். காலையில் உள்ளே விட்ட தண்ணீரைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் எடுப்பேன். நடுவில் மாற்றுவது கிடையாது. உள்ளே இருப்பது சீனித் தண்ணீர். அடர்த்தி அதிகமான பக்கம் தண்ணீர் போகும். நேரம் ஆக ஆக இன்னும் வரும், இரண்டு பக்கமும் சமமானதும் நிற்கும். நஷ்டம் ஒன்றுமில்லை. ஓடு நீக்கிய முட்டையைச் சீனிப்பாகில் போட்டு எத்தனை வருஷமாக இதைக் காட்டியிருக்கிறேன்!

டாக்டர் சரி என்று சொன்னதாக இவரிடம் சொல்லவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார் என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு.

கெமிஸ்ட்ரி உலகம்மாள் டீச்சர் வராந்தாவில் எதிரே வந்தார்கள். வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் என் தவளை ஜாடி ஒன்று அவர்கள் அலமாரியில் உடைந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஃபார்மலின் நாற்றம் ஒரு வாரம் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு இவ்வளவா?

ஜூன் 11

அமோகம். ஐந்து பீரியட், ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஹெச்.எம். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பாராட்டு.

சாயங்காலம் வெளியே வந்த தண்ணீர், விட்டதைவிடக் கொஞ்சம் குறைவு. குழாய் எங்கோ மடங்கியிருக்கும்.

ஜூன் 14

செருப்பு இறுக்கிப் பிடிக்கிறது. மழையில் நனைந்து சுருங்கியிருக்க வேண்டும். வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 17

மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். வெயிலுக்கு எல்லோருக்கும் விரல் வீங்கத்தான் செய்யும். தலையணை ஒன்று போதவில்லை, மூன்று வைத்துக்கொண்டால் மூச்சு சுகமாக இருக்கிறது. இவர் என் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. தூங்கு என்று சொல்லிவிட்டு இவர் தூங்கவில்லை.

ஜூன் 19

ஆஸ்பத்திரி. மாடிப்படியில் ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுவிட்டது போலாகிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஹெச்.எம். பார்த்தார்கள்.

இவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் கம்பியில் உரசுகிற பூவரசங்கிளையை வெட்டும் வேலையாம். விசாரித்தால், பள்ளி திறந்த நாளிலிருந்து மத்தியானமானால் அங்கேதான் வண்டி நிற்கிறதாம். பாளையங்கோட்டையில் வேறெங்கும் மரம் வளர்வதில்லை போலிருக்கிறது.

உடம்பில் தண்ணீர் ஏறி நுரையீரல் வரைக்கும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நன்றாகத் திட்டினார். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 21

சீனி அதிகமுள்ள பைகளை அடுத்தடுத்து மாற்றி, உள்ளே நின்ற தண்ணீரையெல்லாம் இழுத்து எடுத்துவிட்டார்கள். கணுக்கால் எலும்பு மறுபடி தெரிகிறது. மூச்சு நன்றாக விடுகிறேன்.

மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரே கேள்வியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வெளியேதான் வந்திருக்க வேண்டும். ஏன் உள்ளே போயிற்று? என் பாடத்தில் எங்கே ஓட்டை?

பதினொரு மணிக்குப் பிடிபட்டது. நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பைத் தண்ணீரிலிருந்து ஏறுகிறது, இது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். சீனியும் சவ்வைத் தாண்டுகிறது! என் முட்டைச் சவ்வு சீனியைத் தாண்ட விடாது, தண்ணீரை மட்டும் விடும். ஆனால் என் வயிற்றுச் சவ்வு உயிரோடு இருக்கிறது. அதன் பின்னால் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சீனி கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் போகும், ஓடுகிற ரத்தம் அதைக் கொண்டுபோய்விடும். இழுத்துப் பிடிக்கச் சீனி இல்லையென்றால் வந்த தண்ணீர் ஏன் நிற்கும்? திரும்பிப் போய்விடும். முதல் சில மணி நேரம் லாபம், அதற்கு மேல் வைத்திருந்தால் நஷ்டம். அதனால்தான் மத்தியானப் பை!

படுத்த படுக்கையில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். டாக்டர் வந்ததும் கடகடவென்று ஒப்பித்தேன். அப்படியேதான் என்றார். இதைத் தெரிந்துகொள்ள மாடிப்படியில் விழ வேண்டியதில்லை, என்னிடம் கேட்டிருக்கலாம் என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

உயிரியல் டீச்சரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். மற்றவர்கள் சொன்ன நேரத்துக்குப் பையை மாற்றியிருப்பார்கள்.

ஜூன் 22

சந்தோஷம் நேற்றோடு சரி. மத்தியானம் மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எங்கே மாற்றுவது? சிக் ரூமில் எப்போதும் யாராவது வயிற்றுவலி என்று படுத்திருப்பார்கள், ஃபேன் ஓடிக்கொண்டேயிருக்கும். என் லேபில் ஜன்னலுக்குக் கதவே இல்லை. லைப்ரரியில் புத்தகத் தூசி. ஹெச்.எம். அங்கே என் பெயரை எழுதியாகிவிட்டது என்று கேள்வி.

லைப்ரரி ஒன்றும் மோசமில்லை. உட்கார்ந்த வேலை.

ஜூன் 23

உலகம்மாள் டீச்சர் வந்தார்கள். ஆமாம், அந்த உலகம்மாள் டீச்சர்தான். கட்டில் பக்கத்து ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பிறகு, "ஃபேன் ஆகாதாமே? உங்க வீட்டுக்காரர் சொன்னாரு" என்றார்கள். ஆகாது என்றேன். காற்று, தூசி எதுவும் கூடாதா என்றார்கள். கூடாது என்றேன்.

"பேலன்ஸ் ரூம் இருக்குல்லா" என்றார்கள்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு சிரித்தேன், குழாய் பதித்த இடம் வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன். கெமிஸ்ட்ரி லேபின் கடைசியில் ஒரு சின்ன அறை. ரசாயனத் தராசுகள் வைத்திருந்த இடம். மூச்சு விட்டால்கூடத் தட்டு ஆடும் என்று ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தி இறுக்கி அடைத்திருக்கிறார்கள். ஃபேன் கிடையவே கிடையாது. எலக்ட்ரானிக் தராசு லேபுக்கே வந்தபிறகு அங்கே யாரும் போவதில்லை. என் வியாதிக்கென்றே யாரோ கட்டி வைத்த மாதிரி ஓர் அறை, நான் தினமும் தாண்டிப்போகிற வராந்தாவில்.

ஹெச்.எம். ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "லேப் என் பொறுப்பு. சாவி எங்கிட்டதான் இருக்கு. நேத்தே தேச்சுக் கழுவியாச்சு" என்றார்கள். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "தவளை ஜாடி ஒண்ணும் அங்க வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்கள்.

மூன்று வருஷம் பேசாமல் எப்படி இருந்தேன்?

ஜூன் 30

பேலன்ஸ் ரூமில் முதல் பை. தராசு மேசை வழவழவென்று பளிங்குக் கல். இவர் இன்னொரு கொசுவலைக் கம்பியைத் தியாகம் செய்திருக்கிறார். உலகம்மாள் டீச்சர் சாப்பாட்டு டப்பாவோடு கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள், யாரும் திறந்துவிடாமல் இருக்க. ஹெச்.எம். முகம் சரியில்லை. ஆனாலும் டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டைப் படித்துவிட்டு, பார்க்கலாம் என்றார்கள். ஒரு புகார் வந்தால் அன்றோடு சரி என்றார்கள்.

தண்ணீர் தெளிவாக வந்தது. விட்டதைவிட நிறைய.

ஜூலை 10

வந்துவிட்டது புகார். முத்துச்செல்வியின் அம்மா போன் செய்திருக்கிறார்கள். டீச்சர் ஒரு ரூமைப் பூட்டிக்கொண்டு ரத்தம் மாற்றுகிறார்களாம், பிள்ளைகள் முன்னால் மறுபடி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்களாம். நாளை நேரில் வருகிறார்களாம்.

ஹெச்.எம். கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து லைப்ரரி என்று சொல்லிவிட்டார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாததைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்டேன். நாளை என் வகுப்பில் செல் சவ்வுப் பாடம். அந்த அம்மாவை ஆபீசுக்கு வரச் சொல்லாமல் என் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள், நீங்களும் வாருங்கள், பாடம் முடிந்ததும் நானே லைப்ரரிச் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

சரி என்றார்கள்.

பீட்ரூட் வாங்க வேண்டும். ஓடு கரைய முட்டைகளை நேற்றே காடியில் ஊறப்போட்டாகிவிட்டது. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 11

சாப்பிட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது பீரியட். கடைசி பெஞ்சில் ஹெச்.எம்., பக்கத்தில் முத்துச்செல்வியின் அம்மா. மெலிந்த மனுஷி, தோளில் தையல் டேப் தொங்கியது, கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார்கள். முத்துச்செல்வி தலை நிமிரவில்லை.

பீட்ரூட்டில் ஆரம்பித்தேன். பச்சைத் தண்ணீரில் ஒன்று, சுடுதண்ணீரில் ஒன்று. சவ்வு உயிரோடு இருந்தால் என்ன, செத்தால் என்ன என்று அவர்களே சொன்னார்கள். வெங்காயத் தோலை உப்புத் தண்ணீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். செல் சுவர் அப்படியே நிற்க, உள்ளே சவ்வு மட்டும் சுருங்கி விலகியிருந்தது. விலங்கு செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது, சுருங்கினால் முழுசாகச் சுருங்கும், ஊதினால் வெடித்துவிடும் என்றேன். ஓடு நீக்கிய முட்டையைக் காட்டினேன். சீனிப்பாகில் கிடந்தது சுருங்கிப்போயிருந்தது, தண்ணீரில் கிடந்தது ஊதியிருந்தது. இதுவரை எல்லா வருஷமும் நடத்துவதுதான்.

அதன் பிறகு பிரிக்காத ஒரு பையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இதுதான் பேலன்ஸ் ரூமில் நான் மாற்றுவது என்றேன். ரத்தம் இல்லை, சீனித் தண்ணீர். மாற்றுவது மெஷின் இல்லை, என் வயிற்றுச் சவ்வு. கரும்பலகையில் ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் பைத் தண்ணீர். கழிவு எந்தப் பக்கம் போகும், தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அப்படியானால் நாள் முழுக்க வைத்திருந்தால் என்ன ஆகும்? இன்னும் நிறையத் தண்ணீர் வெளியே வரும் என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் மாடிப்படியில் உட்கார்ந்தேன் என்றேன். ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன்.

நேரம் போயிற்று. ஒருத்தி குழாய் மடங்கியிருக்கும் என்றாள். என்னை மாதிரியே. முத்துச்செல்வி கரும்பலகையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக எழுந்தாள்.

"டீச்சர், சீனி சும்மா அங்கயே இருக்குமா? அதுவும் இந்தப் பக்கம் போயிரும்லா?"

அவளே வந்து சாக்பீஸை வாங்கி அம்புக்குறி போட்டாள். சீனி போனால் தண்ணீரும் பின்னாலேயே திரும்பும், அதனால் நேரத்துக்கு எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி முடித்தாள். நான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்துக் கண்டுபிடித்ததை இவள் நின்ற இடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கை தட்டினேன். வகுப்பே தட்டியது. ஹெச்.எம். தட்டியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மணி அடித்தது. பையை எடுத்துக்கொண்டு, எனக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் பேலன்ஸ் ரூமுக்கு நடந்தேன்.

வெளியே வந்தபோது உலகம்மாள் டீச்சரின் ஸ்டூலில் முத்துச்செல்வியின் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். புகார் சொல்ல வந்தவர்கள் சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவராம். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுக்கிறாராம், ஆட்டோ வீட்டுவாசலில் தூசி படிந்து நிற்கிறதாம். ஒருநாள் அவர் மகள் கண்ணெதிரிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அதே பயத்தில்தான் போன் செய்தார்களாம்.

"எங்க வீட்டு ஆளுக்கும் இது முடியுமா டீச்சர்? அவரும் நாலு பேர மாதிரி வேலைக்குப் போவாரா?"

எல்லோருக்கும் ஒத்துவராது, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஆனால் கேட்கலாம். நானே கூட வருகிறேன், நானே கேட்கிறேன் என்றேன். அந்த மனுஷி அழுதார்கள். நானும்தான். சாக்பீஸ் தூசி என்று சொல்ல அங்கே சாக்பீஸ் இல்லை.

ஹெச்.எம். அறைக்குப் போய் லைப்ரரிச் சாவியைக் கேட்டேன். அவர்கள் பேனாவை மூடிவிட்டு, "எந்த லைப்ரரி டீச்சர்?" என்றார்கள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த அறை ரொம்பப் புழுக்கமாக இருக்குமே, ஒரு ஃபேன் மாட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று நானும், பின்னால் நின்ற உலகம்மாள் டீச்சரும் ஒரே நேரத்தில் அலறிவிட்டோம்.

சாயங்காலம் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, வகுப்பிலும் பீட்ரூட் சுடுதண்ணீரில்தானே சாயம் விட்டது, அப்படியென்றால் நான் காயை அவித்துத் தண்ணீரைக் கொட்டுவது சரிதானே என்று கேட்டார். வகுப்பில் சொன்னது இவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே ஏதோ வயர் சரிபார்த்தாராம். கரண்ட் இல்லாத ஜன்னல் அது.

ஆகஸ்ட் 4

புதிய கால அட்டவணை ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டியாகிவிட்டது. ப்ளஸ் ஒன்னும் எனக்கு, ப்ளஸ் டூவும் எனக்கு. நாலாவது பீரியட் கட்டத்தில் எல்லா நாளும் ஒரே வார்த்தை, ஹெச்.எம். கையெழுத்தில்: பேலன்ஸ் ரூம். தற்காலிகமாக வந்த பெண் லேபில் எனக்குத் துணையாக இருக்கிறாள். கெட்டிக்காரி.

முத்துச்செல்வியின் அப்பாவுக்குப் போன வாரம் குழாய் வைத்தார்கள். வீட்டில் எப்படிப் பை மாற்ற வேண்டும் என்று இவர் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கேயும் ஒரு கொசுவலை போயிருக்கும்.

இன்று மத்தியானம் பையை மாட்டிவிட்டு, கண்ணாடி ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன். பூவரசமரத்தடியில் வண்டி இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பள்ளிக்கூடத்துப் பக்கம் கிளை வெட்டுகிற வேலையெல்லாம் முடிந்ததா என்று கேட்டேன்.

கம்பத்தில் ஏறிக் கறுத்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, முடிஞ்சிட்டு" என்றார்.

பிறகு பை மாற்றப் போனேன். கதவுக்கு வெளியே இருமல் இல்லை. சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்டது.